கடைசி வாரம் இல்லாத கடல் கதை

என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் குமாஸ்தா. கடலை ஒரே ஒரு தடவை, வேளாங்கண்ணியில், கணுக்கால் நனையப் பார்த்தவர். ஆனால் புயலைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் மாலுமியே தோற்றுப்போவான்.

எல்லாம் ஒரு பைண்டிங் புத்தகத்தின் வேலை. கல்யாணத்துக்கு முன்பு, வாரப் பத்திரிகையில் வந்த கடல் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஆரப்பாளையத்தில் பைண்டு போட்டு வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் மாதிரி வீடுகளில் நகைக்கு அடுத்தபடி அதுதான் சொத்து. என்ன கொடுமை, கடைசி வாரம் மட்டும் அதில் இல்லை. உடைந்த கப்பலில் நண்பனை விட்டுவிட்டுக் கேப்டன் படகில் ஏறுவதோடு புத்தகம் நின்றுவிடும்.

"அப்புறம்?" என்று எங்கள் மகள் ஐரின் சின்ன வயசில் கேட்பாள்.

"அப்புறம் என்ன? படகைத் திருப்பிட்டான் ஆத்தா. அம்புட்டுப் பெரிய அலையில!" என்பார். மழைக்காலத்தில் ஒத்தக்கடை வயலெல்லாம் தண்ணீர் நின்றால், யானைமலையைக் காட்டி, "அந்தா தீவு!" என்பார். இப்போது அந்த வயலெல்லாம் வீடு.

கேப்டன் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அதே பத்திரிகையை எங்கள் அப்பா வீட்டிலும் வாங்கினார்கள். கரைசேர்ந்து, நண்பன் செத்துவிட்டான் என்று பொய் சொல்லிவிட்டு, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குவான், படுபாவி. நான் இவரிடம் மூச்சு விடவில்லை.

ஓர் ஐப்பசி வெள்ளத்தில், இவரோடு வைகைத் தரைப்பாலத்தைக் கடந்துகொண்டிருந்த ஆபீஸ் பியூன் முத்துப்பாண்டியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டது. கரையேறிவிட்ட இவர் மறுபடி குதித்து அவரை இழுத்து வந்தார். அதில் இவருக்கு ஒரு முழங்கால் போனது. அந்தக் கேப்டனை நம்பித்தான் குதித்தார் என்று நினைத்தேன். கதையில் வருகிறவனை மனுஷன் இப்படி நம்புவானா என்று கேட்காதீர்கள், நம்புவான். அதில் மண்ணைப் போட எனக்கு மனசு வருமா?

போன ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். ஐரின் செல்போனை நீட்டினாள். "அப்பா, உங்க கடைசி வாரம் கிடைச்சிருச்சு! பழைய பத்திரிகையெல்லாம் யாரோ நெட்ல ஏத்திருக்காங்க."

"சாப்பிடுற நேரத்துல என்னடி போனு? உள்ள வை!" என்று கத்தினேன்.

அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "காட்டுனா காட்டட்டும் மேரி. பைண்டு போடக் குடுக்கும்போது அந்தத் தாளை உருவிப் போட்டதே நான்தான்."

அடப் பாவி மனுஷா! நாற்பது வருஷமாக நான் கட்டிக்காத்த ரகசியம்!

"அப்ப, அவன் திரும்பலைன்னு தெரிஞ்சுமா ஆத்துல குதிச்சீங்க?" என்றேன்.

"தெரிஞ்சதாலதான். முத்துப்பாண்டி கத்துறான், என் காலு வீட்டுப் பக்கமே போகுது மேரி. நானும் வந்து நல்லாச் சாப்பிட்டுத் தூங்கிருவேனோன்னு பயந்துட்டேன்."

ஐரின் போனை அணைத்தாள். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி கறிக்குழம்பு ஊற்றினேன்.

"நல்லாச் சாப்பிடுங்க," என்றேன். "சாப்பிட்டுத் தூங்குங்க." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.