டுவெய்ன் கெஸ்டியின் அட்டையை மாற்றியவள்

நவம்பர் பதினைந்து வந்துவிட்டால் மிச்சிகன் மாநிலத்தின் ஓரத்திலிருக்கும் ஆல்டர் லேக்கில் ஆண்பிள்ளைகளைப் பார்க்க முடியாது. மான் வேட்டை தொடங்கிவிடும். எல்லாரும் காட்டுக் குடிசைகளில் போய் அடைந்துகொள்வார்கள். முதியோர் மையத்தில், பெரியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு உதவி மேசையில் உட்காரும் மார்லீன் ஓயலாவுக்கு அந்த வாரம் ஈ ஓட்டுகிற வேலைதான். அதனால் பதினாறாம் தேதி காலை பக்கத்து வீட்டு டுவெய்ன் கெஸ்டி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவளுக்குத் திக்கென்றது.

மார்லீன் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கப் பிடிக்காமல் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஊர்ப் பெரியவர்களுக்கு அடுத்த வருடக் காப்பீட்டைப் பார்த்துத் தேர்ந்து கொடுக்கிறாள். காசு வாங்குவதில்லை. "மார்லீன் கிட்ட கேட்டுக்கோ" என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாராவது புகழ்ந்தால் அன்றைக்கு ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடுகிற மனுஷி.

டுவெய்னுக்கு எழுபத்தாறு வயது. மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். நாற்காலியில் உட்கார்ந்தும் மூச்சு வாங்கியது.

"காட்டுக்குப் போகலையா?"

"இந்த வருஷம் மானுங்களுக்கு லீவு விட்டுட்டேன்."

"விளையாடாதீங்க. அறுபது வருஷமா தவறாம போறவரு."

"மரத்துல கட்டின வேட்டை மேடையில ஏற முடியல, மார்லீன். நாலு படி ஏறினா நெஞ்சை அடைக்குது. என்னைத் தூக்கிவிட ரெண்டு பேர் வேணும்னா, அப்புறம் மானை யாரு சுடறது? சரி, போன தடவை மாதிரியே போட்டுடு. கெளம்பறேன்."

மார்லீன் கணினியைத் தொடவில்லை. "இருதய டாக்டர் என்ன சொல்றாரு?"

"எந்த டாக்டர்?"

"விஸ்கான்சின்காரர்தான். வேற யாரு?"

டுவெய்ன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அவர்கிட்ட இப்பல்லாம் போறதில்ல. இந்த இன்சூரன்ஸ் அட்டையை அங்க எடுத்துக்க மாட்டாங்களாம். கவுன்டர்ல இருந்த பொண்ணு மரியாதையாத்தான் சொல்லிச்சு. திரும்பி வந்துட்டேன்."

"எப்போ?"

"போன வருஷம் ஏப்ரல்ல."

மார்லீன் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் இதே மேசையில் அவருடைய பழைய மெடிகேரையும், அதோடு மாதாமாதம் கட்டிவந்த துணைக் காப்பீட்டையும் விடச் சொல்லி, ஒரு தனியார் கம்பெனித் திட்டத்தில் சேர்த்துவிட்டவள் அவள்தான். பல் கட்டித் தருவார்கள், கண்ணாடி தருவார்கள், மாதக் கட்டணம் கிடையாது. திட்டத்தில் உண்டா என்று மாத்திரைகளை ஒன்று விடாமல் கணினியில் தட்டிப் பார்த்தாள். மருத்துவர் பெயரைத் தட்டிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் யாருக்கும் விஸ்கான்சின் வேறு மாநிலம் என்று தோன்றுவதே இல்லை. அரைமணி நேரத்தில் எல்லை. தொலைக்காட்சி அங்கிருந்து வருவது, கால்பந்துக்குக் கத்துவது அவர்கள் அணிக்காக, கடிகாரம்கூட அவர்கள் நேரம்தான் காட்டும். அந்தத் திட்டமோ மிச்சிகன் எல்லையோடு நின்றுவிட்டது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பல்லு கட்டினப்ப நீ எவ்ளோ சந்தோஷப்பட்டே. ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினே. அதுக்கப்புறம் வந்து எப்படிச் சொல்றது?"

அவர் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. சேர்ந்த முதல் வருடத்துக்குள் மனம் மாறினால், பழைய துணைக் காப்பீட்டுக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் திரும்பிப் போகலாம். அது அவளுக்கு மனப்பாடம். போன நவம்பரில், அந்த வருடம் முடிவதற்குள், வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், டுவெய்ன் காட்டுக்குப் போகிற வழியில் வண்டியை அணைக்காமலேயே வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மேசை முன்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். "ஒண்ணும் மாத்த வேண்டாம், போயிட்டு வாங்க" என்று கையாட்டி அனுப்பிவிட்டாள். எழுந்துகூடப் போகவில்லை. டாக்டர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"டுவெய்ன், தப்பு என்னோடது," என்றாள். "போன வருஷமே சரி பண்ணியிருக்கலாம். நான் கேக்கவே இல்ல."

"விடு. நானும்தான் சொல்லல."

"இல்ல. கேக்கறதுதான் என் வேலை."

டிசம்பர் ஏழுக்குள் பழைய மெடிகேருக்குத் திரும்பிவிடலாம், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் மெடிகேர் கொடுக்காத பங்கைத் துணைக் காப்பீடுதான் தாங்கவேண்டும். அது இல்லாமல் ஒரு இருதய அறுவை சிகிச்சை வந்தால் வீடு போய்விடும். முதல் வருடம் தாண்டிவிட்டதால் இப்போது அந்தத் துணைக் காப்பீட்டுக் கம்பெனி உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்கும். பிடிக்காவிட்டால் சேர்க்காது. மார்லீன் விண்ணப்பத்தை அச்செடுத்து, ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். சர்க்கரை இல்லை. புற்று இல்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. நாலாவது கேள்வியில் அவள் குரல் தழைந்தது.

"போன ரெண்டு வருஷத்துல எந்த டாக்டராவது இருதயத்துக்கு வைத்தியம் பாத்தாரா, மருந்து எழுதிக் குடுத்தாரா?"

இங்கேதான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

டுவெய்ன் விரல்விட்டு எண்ணினார். "கடைசியாப் பாத்தது நீ அட்டையை மாத்தறதுக்கு முந்தின மாசம். அக்டோபர்."

"அப்போ ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு. மாத்திரை?"

"அப்ப எழுதிக் குடுத்ததுதான். அது தீர்ந்து எத்தனையோ நாளாச்சு. மறுபடி எழுதித் தர யாரு இருக்கா?"

மார்லீன் கேள்வியை மறுபடி வாசித்தாள். பொய் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் இருபத்தைந்து மாதம் மருத்துவர் இல்லாமல், பிறகு மருந்தும் இல்லாமல் கிடந்ததால், அப்படிக் கிடக்கும்படி அவள் செய்ததால், 'இல்லை' என்பதுதான் சத்தியமான பதில்.

டுவெய்ன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? நீ மாத்தினது நல்லதாப் போச்சு. நான் ஒழுங்கா டாக்டர்கிட்ட போயிட்டிருந்தா இப்ப என்னைச் சேத்துக்கவே மாட்டான்."

மனசாரத்தான் சொன்னார். மார்லீனால் அந்தக் கட்டத்தில் பேனாவை வைக்க முடியவில்லை. அவர் அவள் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல உருவி, 'இல்லை' என்பதற்கு நேரே தானே டிக் அடித்தார்.