மேடத்துக்கு லண்டன் காட்டிய நாள்

துறைத்தலைவரின் மனைவி புடவை எடுக்கப் போனால் கூடவே பையைத் தூக்கிக்கொண்டு போவது, துறையில் இளையவளான பெண் ஆசிரியையின் வேலை. எங்கள் பொறியியல் கல்லூரியில் இதற்கு எழுதிவைத்த விதி கிடையாது, மீறியவர்களும் கிடையாது. அந்த வழக்கம் விமானம் ஏறி லண்டன் மாநாட்டுக்கும் வரும் என்று நான் நினைக்கவில்லை.

குடிநீர்க் குழாய் எங்கே கசிகிறது என்பதை ஒலியை வைத்தே கண்டுபிடிப்பது பற்றிய ஆய்வு என்னுடையது. இரண்டு கோடை முழுக்கத் தெருத்தெருவாகத் தரையில் கருவியை வைத்துக் கேட்டவள் நான். மாநாட்டின் இரண்டாம் நாள் காலை, டோஸ்டில் வெண்ணெய் தடவியபடியே தலைவர் சொன்னார்:

"இன்னிக்கு மேடத்துக்கு லண்டனைச் சுத்திக் காட்டிடும்மா. மூணு மணிக்கு உன் பேப்பரை நானே பேசிடறேன். யாரு பேசினா என்ன, காலேஜ் பேர்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காட்டறேன் சார்" என்றேன். காட்டுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். பேச்சை விட்டுக்கொடுப்பதாக எங்கும் சொல்லவில்லை.

மேடம் நல்ல மனுஷி. ஆற்றங்கரை, பாலம், மணிக்கூண்டு எல்லாவற்றையும் குடைக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் காலண்டர்லயே பாத்தாச்சும்மா. பசிக்குது" என்றார். மூன்று நாளாக ரொட்டியும் தயிருமாக ஓட்டியிருந்தார், பாவம். ரயிலேற்றி, தமிழர் கடைகள் நிறைந்த டூட்டிங் பகுதிக்குக் கூட்டிப்போனேன்.

ஈழத்துக்காரர் கடை. "அக்கா, இடியப்பம் இப்பதான் அவிச்சது. சொதி விடட்டோ?" என்று கேட்டபடியே கடைக்காரர் தட்டில் ஊற்றினார். தேங்காய்ப்பால் வாசனைக்கே மேடத்தின் முகம் தெளிந்துவிட்டது. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டபின், "அடுத்து அரண்மனைதானே?" என்றார்.

"இல்ல மேடம். மூணு மணிக்கு என் பேப்பர். சார் தானே பேசறேன்னு சொல்லிட்டார். நான் விடப்போறதில்ல. இப்ப அங்கதான் போறேன்."

அவ்வளவு ஆத்திரம். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரா பேசப்போறார்? வீட்டுக் குழாய் ஒழுகினா பிளம்பரைக் கூப்பிடறதே நான்தான்." கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நட. நானும் கேக்கறேன்" என்றார்.

நாங்கள் நுழைந்தபோது அரங்கில் எனக்கு முந்தையவர் முடித்துக்கொண்டிருந்தார். தலைவர் புதுக் கோட்டில், கையில் மைக்குடன், மேடையோரம் நின்றார். முந்தையவர் இறங்கியதும் திரையில் என் முதல் படம் விழுந்தது. நேராக அவரிடம் போனேன்.

"மேடத்தை எங்க விட்ட?" என்று பல்லைக் கடித்தார்.

மூன்றாம் வரிசையைக் காட்டினேன். மடியில் டூட்டிங் கடை வடைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு மேடம் அவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"லண்டன்ல நான் பாக்க வந்த இடம் இது ஒண்ணுதான் சார். அதைத்தான் மேடத்துக்குக் காட்டறேன்."

அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மைக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் சொல்லிப் பழகிய 'தேங்க்யூ சார்' அன்று என் வாயில் வரவில்லை, நானும் வரவழைக்கவில்லை.