யாராவது தொட்டீங்களா?

எங்கள் வீட்டு அடுப்படிக் கதவில் ஒரு ஆணி உண்டு. அதில் எந்நேரமும் ஒரு ஈரத்துணி தொங்கும். அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டு. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உப்பு விளைகிற மாதங்களில் காற்றோடு உப்பும் வந்து வீட்டுக்குள் உட்காரும். காலையில் துடைத்த ஜன்னல் கம்பி சாயங்காலம் பிசுபிசுக்கும். அதனால் நாங்கள் பார்த்ததையெல்லாம் துடைப்போம்: ஃபேன் இறக்கை, பீரோ கைப்பிடி, சாமி படம், டி.வி. பெட்டி. பிளஸ் டூ கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்த எனக்கு அந்த ஈரத்துணிதான் உத்தியோகம்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த வருடம். சென்னைப் பெண். அவளுடைய அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். பீரோ, கிரைண்டர், கட்டில் என்று இறங்கிய சீர்வரிசையோடு, அவர் வெளிநாட்டிலிருந்து மகளுக்காக வாங்கி வந்த ஒரு கம்ப்யூட்டரும் இறங்கியது. கம்ப்யூட்டர் என்றால் இப்போது போல இல்லை. டைப் அடிக்கிற பலகை ஒன்று, அவ்வளவுதான், திரை கிடையாது. டி.வி.யின் ஆன்டெனா ஓட்டையில் ஒயரைச் சொருகினால் டி.வி.தான் திரை. பின்பக்கம் பித்தளை நிறத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள். அந்தப் பற்களில் தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு பெட்டியை மாட்ட வேண்டும். "இதுதான் பாப்பா அதோட ஞாபகம். கரண்ட நிறுத்துனா எல்லாத்தையும் மறந்துடும், திரும்ப அடிக்கணும்" என்று அண்ணி எனக்குச் சொன்னாள். நான்தான் பாப்பா. எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது, இன்னமும் அவளுக்கு நான் பாப்பாதான்.

வந்த புதிதில் அண்ணிக்கும் அம்மாவுக்கும் நடந்த சண்டையெல்லாம் தண்ணீரால்தான். எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. நல்ல தண்ணீருக்கு ஊர்க்கோடி கைப்பம்பு வரை குடம் சுமந்து போக வேண்டும். அது குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். அண்ணி ஒரு நாள் அதில் முகம் கழுவிவிட்டாள். "ஏம்மா, நல்ல தண்ணிய மூஞ்சிக்கு ஊத்திக்கினா சோத்துக்கு என்னா பண்றது?" என்று அம்மா தெருவே கேட்கும்படி கேட்டாள். அன்றிலிருந்து அண்ணி உப்புத் தண்ணீரிலேயே குளித்தாள், கழுவினாள். ஒன்றே ஒன்றை மட்டும் எங்களிடம் கேட்டுக்கொண்டாள். "டி.வி.ய வேணா தொடைங்க. கம்ப்யூட்டர மட்டும் யாரும் தொடாதீங்க. நானே பாத்துக்கறேன்." காய்ந்த துணியால் அவளே தூசி தட்டுவாள். எனக்குச் சுருக்கென்றது. நம் கை அவ்வளவு அழுக்கா என்று நினைத்தேன்.

பகல் சமையல் முடிந்ததும் அண்ணி டி.வி. முன்னால் உட்காருவாள். கிராஃப் நோட்டில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்துத் தமிழ் எழுத்தைத் தயார் செய்வாள். அவள் எழுதிய ப்ரோக்ராமை ஓடவிட்டால் கறுப்புத் திரையில் உப்பளப் பாத்திகள் வரும். ஒவ்வொரு பாத்தியாக வெள்ளையாகும். எல்லாம் நிறைந்ததும் நடுவில் 'வணக்கம்' என்று எழுத்து வரும். அந்தக் காலத்தில் டி.வி.யில் நம் வீட்டில் எழுதிய எழுத்து தெரிகிறது என்றால் சும்மாவா? தெருவே வந்து பார்த்தது. புதுச்சேரியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்லித்தர ஆள் கேட்டிருந்தார்கள். அண்ணி எழுதிப் போட்டாள். ப்ரோக்ராமைக் கொண்டுவந்து காட்டச் சொல்லிப் பதில் வந்தது. கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

அவள் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் துணியோடு ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது. பெரிய இடத்துக்குப் போகிற பொருள், பளிச்சென்று இருக்கட்டுமே என்று தோன்றியது. தொடாதே என்றவளுக்குத் தொட்டுக் காட்ட வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால் நான் நல்லவளாகிவிடுவேன். பின்பெட்டியைக் கழற்றினேன். துணியைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அந்தப் பித்தளைப் பற்களை அழுத்தி அழுத்தித் துடைத்தேன். பெட்டியின் வாய்க்குள்ளும் துணியை விரலில் சுற்றி விட்டேன். தங்கம் மாதிரி மின்னியது. திரும்ப மாட்டி வைத்தேன்.

அன்று சாயங்காலம் திரையில் முதல் கோடு விழுந்தது. குறுக்காக ஒன்று, பிறகு நான்கு, பிறகு திரை முழுக்க. 'வணக்கம்' இருந்த இடத்தில் யாரோ கொத்திப் போட்ட மாதிரி புள்ளிகள் துடித்தன. அண்ணி எழுந்து எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்:

"யாராவது தொட்டீங்களா?"

அம்மா இல்லை என்றாள். அண்ணன் இல்லை என்றான். "நான் தொடவே இல்ல அண்ணி" என்றேன்.

அடுத்த மூன்று நாளும் அண்ணி அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டினாள். ஆன்டெனா ஒயரை மாற்றினாள். டி.வி.யின் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தாள். பின்பெட்டி ஆடுகிறதோ என்று ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள், அடியில் அட்டையை மடித்துச் செருகினாள். பெட்டியைக் கழற்றிப் பற்களையும் பார்த்தாள். நான் அடுப்படியில் துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தேன். "கனெக்சன் எல்லாம் பளபளன்னு இருக்குது, இதுல ஒன்னும் இல்ல" என்று சொல்லி மாட்டிவிட்டாள். காலையில் திரை ஓரளவு ஒழுங்காக இருக்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பினால் கோடு வந்துவிடும். அதையும் நோட்டில் நேரம் போட்டுக் குறித்தாள். காரணம்தான் பிடிபடவில்லை. கடைசியில் தான் எழுதியதில்தான் ஏதோ பிசகு என்று முடிவுக்கு வந்து, வரி வரியாகத் திருத்த ஆரம்பித்தாள்.

புதுச்சேரிக்குப் பஸ்ஸில் கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனாள். நானும் துணைக்குப் போனேன். நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் அடித்து முடித்தாள், அங்கேயும் கோடுதான் வந்தது. அந்த வகுப்பை நடத்தியவர் மரியாதையானவர். "ப்ரோக்ராம்ல எங்கியோ தப்பு இருக்குதும்மா, சரி பண்ணிட்டு இன்னொரு வாட்டி வாங்க" என்றார். இன்னொரு வாட்டி அவள் போகவில்லை. திரும்பி வரும்போது கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை கிராஃப் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தாள். பிறகு, "எனக்கு இதெல்லாம் வராது போலருக்குது பாப்பா" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளுக்குப் பத்து நிமிட வேலை என்று இப்போது தெரிகிறது. நான் ஜன்னல் வழியாக உப்பு மேடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கம்ப்யூட்டர் பரண் ஏறியது. அண்ணன் அதற்குப் 'பட்டாபட்டி' என்று பேர் வைத்துவிட்டான். விருந்தாளி யார் வந்தாலும், "எங்க வீட்டம்மா ஒரு பட்டாபட்டி வச்சிருக்கா, டி.வி.ல கோடு போடும்" என்று ஆரம்பிப்பான். அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு முதல் செல்போன் வந்தபோது அதைத் தொடாமல் மகளிடம் நீட்டினாள். பேங்க் கார்டு வந்தபோதும் அப்படித்தான். "எனக்கு இதெல்லாம் வராது." கிராஃப் நோட்டில் எழுத்தைச் செதுக்கியவள் சொல்கிறாள்.

என்ன நடந்தது என்பதே எனக்குப் பிரம்மதேசத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகுதான் புரிந்தது. அங்கே கிணறு நல்ல தண்ணீர். மாமியார் வீட்டுக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தேன், காய்ந்த பிறகும் கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. பிறந்த வீட்டில் துடைத்த கண்ணாடி காய்ந்தால் வெள்ளைத் தடம் தெரியும், கண்ணாடி என்றாலே அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். இத்தனை வருடம் நான் உப்பைத் துடைக்கவில்லை, பூசிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பித்தளைப் பற்களுக்கும் அதைத்தான் செய்தேன், கடல்காற்றின் ஈரம் பட்டதும் அந்த உப்பு கசிந்து கோடு போட்டிருக்கிறது. கையில் துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டும் என்று அடுத்த பஸ்ஸில் போயிருக்க வேண்டியவள், சொல்லலாம் சொல்லலாம் என்று நாற்பது வருடத்துக்குப் பக்கம் ஓட்டினேன்.

போன வருடம் அண்ணன் போய்ச் சேர்ந்தான். இந்த வருடம் அண்ணி பரணைச் சுத்தம் செய்தபோது கம்ப்யூட்டர் கீழே வந்தது. கிராஃப் நோட்டும் கூடவே. காயலான் கடையில் பழைய டி.வி. ஒன்றைத் தேடிப் பிடித்தாள். "சும்மா பொழுது போவல பாப்பா" என்றாள். நான் போனபோது நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப அடித்து முடித்திருந்தாள். திரையில் அதே கோடு. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அவள் மறுபடியும் தன் வரிகளிலேயே தப்பைத் தேட ஆரம்பித்தபோது எனக்குத் தாங்கவில்லை. கரண்டை நிறுத்தி, பின்பெட்டியைக் கழற்றிக் காட்டினேன். பற்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, கிணற்றுத் தண்ணீர், துணி, தொட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்தது எல்லாம்.

அண்ணி பூத்திருந்த பற்களை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்போ நான் எழுதுனதுல தப்பே இல்லியா?" என்றாள்.

"இல்ல அண்ணி."

"உங்க அண்ணன் இருந்தப்பவே சொல்லியிருக்கக் கூடாதா பாப்பா? சாவற வரைக்கும் பட்டாபட்டி, பட்டாபட்டின்னாரே மனுசன்."

பள்ளிக்கூட ரப்பரால் பற்களைத் தேய்த்து, ஊசி போடும்போது தடவுகிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு அவளே துடைத்தாள். என்னை விடவில்லை. பெட்டியின் வாய்க்கும் அதே வைத்தியம். மாட்டி, நோட்டில் இருந்ததையெல்லாம் மறுபடி அடித்தாள். சாயங்காலமாகிவிட்டது, கடல்காற்று ஜன்னலில் அடித்தது. கறுப்புத் திரையில் பாத்திகள் ஒவ்வொன்றாக வெள்ளையாயின. ஒரு கோடு இல்லை. 'வணக்கம்' வந்து நின்றது. அண்ணி அதைப் பார்த்தாள், சுவிட்சை அணைத்தாள், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் காபி குடிக்காமல் நான் பஸ் ஏறியது அன்று ஒரு நாள்தான்.

மூன்று வாரம் போன் இல்லை. போன செவ்வாய்க்கிழமை வந்தது. "பாப்பா, வேற ஒன்னு புதுசா எழுதியிருக்கேன். வந்து பாக்குறியா?" ஓடினேன். அடுப்படி ஆணியில் துணி அதே இடத்தில் தொங்கியது. அண்ணி டி.வி. முன்னால் உட்கார்ந்து, சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

"யாராவது தொட்டீங்களா?"

"நான்தான் தொட்டேன் அண்ணி" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.