எழுந்து மங்களம் பாட வேண்டிய ராஜா

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அண்ணன் பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. நல்ல காலம்தான் அவருக்கு வாய்க்கவில்லை.

அண்ணன் பிறந்தது சின்னாளபட்டியில், நெசவுக் குடும்பத்தில். பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் சொன்ன இங்கிலாந்து நாட்டுப் பழைய நாடகக் கதைகள் அவர் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன. ராஜாக்கள் தங்கள் புத்தியாலேயே கெட்டு, கடைசியில் மேடையிலேயே மடிந்துபோகும் கதைகள். வளர்ந்ததும் அவற்றைத் தமிழில் எழுதி, தாமே ராஜபார்ட்டாகவும் மேனேஜராகவும் நின்று ஒரு நாடகக் கம்பெனி தொடங்கினார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஊரெல்லாம் சாமி நாடகம் போடுது. ஒனக்கு மட்டும் எதுக்குலே சீமை ராஜா?" என்றார்.

வெல்வெட்டுக்கு வழியில்லை. எங்கள் ஊர்ச் சுங்குடிச் சேலைத் துணியிலேயே அந்த ராஜாக்களுக்குத் தங்கை நான் அங்கி தைத்தேன். எரியோட்டுப் பக்கம் ஓர் ஊரில் முன்வரிசை அம்மாள் ஒருவர், "ஏத்தா, ராஜா நம்ம சேலையவுல்ல போட்டுருக்காரு!" என்று சத்தம் போட, ராஜாவே சிரித்துவிட்டார்.

அண்ணனை வாட்டியது வேறொன்று. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய ஊரில், மேடையில் பிணம் கிடக்க நாடகம் முடியக் கூடாது. மங்களம் பாடித்தான் முடிக்க வேண்டும். "நல்லாத்தான்ப்பா நடிக்கிறீக. செத்தாச் சாவுங்க, வேணாங்கல. ஆனா எந்திரிச்சு மங்களம் பாடிட்டுப் போங்க" என்பார்கள் விழாக் கமிட்டியார். செத்த ராஜா நெஞ்சில் குங்குமக் கரைசலோடு எழுந்து நின்று கைகூப்பிப் பாடுவார். அதுவரை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டுவார்கள்.

"செத்தவன் எந்திரிச்சுட்டா, அவன் பட்டது அம்புட்டும் பொய்யாப் போயிருதே பாப்பா" என்று அண்ணன் புலம்புவார். ஒரே ஒரு தடவை ராஜாவைச் செத்தபடியே விட வேண்டும், சனம் அந்தப் பாரத்தோடு வீடு போக வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். போன ஊரிலெல்லாம் கெஞ்சினார். ஓர் ஊரும் இணங்கவில்லை. வம்பு பிடித்தவர் என்று பெயர் வந்ததுதான் மிச்சம். அழைப்பு குறைந்தது, நடிகர்கள் வேறு கம்பெனிக்குப் போனார்கள். சாமி நாடகம் போடச் சொல்லி நானும் அண்ணியும் சண்டை பிடித்தோம். அசைந்து கொடுக்கவில்லை மனிதர்.

கடைசி நாடகம் நிலக்கோட்டைப் பக்கம். கமிட்டியில் இருந்த இளவட்டங்கள், "எப்புடி வேணா முடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாப்பா, இன்னைக்கு ராஜா எந்திரிக்க மாட்டான்" என்றார். அடுத்து ஆடல் பாடல் நிகழ்ச்சி இருந்ததும், கூட்டம் அதற்காகத்தான் காத்திருந்ததும் எங்களுக்குத் தெரியாது.

அண்ணன் விழுந்தார். அப்படி ஒரு சாவை அவர் அதுவரை நடித்ததில்லை. நான் படுதாவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தேன். அதற்குள் டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு மேடையேறிய ஓர் ஆள், "பெரியவரே, செத்த எந்திரிங்க. செட்டு வைக்கணும்" என்றார். அண்ணன் எழுந்தார். அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார். யாரும் சிரிக்கக்கூட இல்லை.

அதன்பின் அவர் நாடகம் போடவில்லை. மூச்சுத் திணறல் வந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "சரியாயிரும்ண்ணே, மறுபடி நாடகம் போடலாம்" என்றேன். "யாருக்கு?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் எங்களோடு மாறி மாறிக் காவல் இருந்த கம்பெனி ஆர்மோனியக்காரருக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வண்டி கொண்டுவந்த கொடைரோட்டு டிரைவர் தம்பிக்கும், எங்கள் வீட்டுக்குச் சோறும் வெஞ்சனமும் ஆக்கி அனுப்பிய தெருக்காரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் அண்ணனைக் கிடத்தியிருந்தபோது வந்த சனம் பெரிது. அத்தனை பேரும் கலையாமல், சத்தமில்லாமல் நின்றார்கள். காலமெல்லாம் அவர் கேட்டது அதைத்தான். அன்று ஒருவரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. நான்தான் பொறுக்கமாட்டாமல், "எந்திரிண்ணே, எந்திரிச்சு மங்களம் பாடுண்ணே" என்று கதறினேன்.