என் இடது கையைத் திருத்த அக்கா வந்தாள்

ஜெபம் கேட்கப்பட்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நான் செய்த தப்பிலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும். எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வராது. இரண்டு வருடம் நான்கு மாதம் என் கூடப்பிறந்த அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குக் காரணம் நான்.

என் பெயர் அபிகாயில். வீட்டில் அபி. அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. அக்கா ஜெனி என்னைவிட மூன்று வயது மூத்தவள். எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம், சினிமாவின் பின்னணி இசை. பாட்டை எல்லோரும் பாடுவார்கள். பாட்டு இல்லாத இடத்தில், யாரும் பேசாத காட்சியில் ஓடுமே, அதுதான் எங்களுக்கு வேண்டும். ஒரு படத்தில் ஒரு அம்மா மகளைப் பஸ் ஏற்றி அனுப்புவார். இரண்டு நிமிடம் வசனமே கிடையாது. வயலின்கள் மட்டும். அந்த இரண்டு நிமிடத்துக்காக அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தோம். சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி முடிந்ததும், எல்லோரும் போன பிறகு, கோயில் பியானோவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதை வாசிப்போம். மேல் பாதி எனக்கு, கீழ்ப் பாதி அவளுக்கு. கீழே ஓடும் பாஸ், அந்தத் தடித்த அடிச்சுரம், எனக்குச் சரியாகக் காதில் விழாது. அவளுக்கு ஒரு தடவை கேட்டாலே போதும்.

அக்கா மலைமேல் குரங்கணியில் காப்பி, ஏலக்காய் பயிரிடும் வீட்டுப் பையன் பாண்டியை விரும்பினாள். அவர்கள் வேறு மதம். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். ஒரே வாரத்தில் நான் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கே அப்படிச் சொல்லிக்கொண்டேன். அப்பா அவள் போனைப் பிடுங்கினார். அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார். அந்த மாதமே அவள் பாண்டியைக் கல்யாணம் செய்துகொள்ள வீட்டை விட்டுப் போனாள். வாசலில் வைத்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “நீயாடி? சரி. இனிமே எனக்குத் தங்கச்சி கெடையாது.”

அதன் பிறகு வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அம்மா சமையல்கட்டில் அழுவார். நான் பஸ் நிலையம் பக்கம் போனால், குரங்கணி ஜீப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் துணிந்து குரங்கணிக்கே போய்விட்டேன். மழை. அவள் வீட்டுக்குக் கீழே சரிவில் குடையோடு நின்றேன். மேலே அவள் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். “ஏய், காயப்போட்டத எடுக்கச் சொன்னேன்ல? நனையுது பாரு!” அந்தக் குரலைக் கேட்டதும் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாளோ என்று பயம். கூப்பிடாமலே இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் வெள்ளிதோறும் உபவாசம் இருந்தேன். பெரிய ஜெபம் ஒன்றும் இல்லை. “ஆண்டவரே, அக்கா என்னோடு ஒரே ஒரு வார்த்தை பேசணும். திட்டினாலும் பரவாயில்லை.” ஈஸ்டர் வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை. கல்லோடு பேசுகிறேனோ என்றுகூட நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

சும்மா இருக்க முடியாத ஆள் நான். அவள் இல்லாமல் அந்த இசையை வாசிக்க வேண்டுமென்றால், நான்கு கையில் இருந்ததை இரண்டு கைக்குள் கொண்டுவர வேண்டும். எழுத ஆரம்பித்தேன். இந்த வேலை வெளியிலிருந்து பார்க்கத்தான் சுலபம். இருபது வயலின், ஒரு புல்லாங்குழல், அடியில் செல்லோ. இருப்பதோ பத்து விரல். எதை வைத்துக்கொள்வது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் உயிர் போகும். எனக்கு எதையும் விட மனசு வராது. அத்தனையும் அடைத்தேன். நாலு மாதம் எழுதி எழுதி அழித்தேன். பாஸ் காதில் விழாத இடங்களில் குத்துமதிப்பாகப் போட்டேன். ஆகஸ்டில், கைகள் மட்டும் தெரிகிற மாதிரி வாசித்து இணையத்தில் போட்டேன். சில பேர் “அருமை சிஸ்டர்” என்று எழுதினார்கள். அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள், கடையில் சாக்குக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. படம் இல்லாத, தெரியாத பெயர்.

“அந்தம்மா பஸ்ஸப் பாத்துக்கிட்டே நிக்கிற எடத்துல எதுக்குடி ஆமென் போட்ட? பாஸ் நாலாம் சுரத்துலயே நிக்கணும். நீ வெரசா மொதச் சுரத்துக்கு எறங்கிட்ட. காது இருக்கா இல்லையா ஒனக்கு?”

கடையிலேயே அழுதுவிட்டேன். அப்பா தராசுப் பக்கமிருந்து திரும்பினார்.

“என்னத்தா, என்னாச்சு?”

“தப்பா வாசிச்சிட்டேன்ப்பா.”

“அதுக்குப் போய் அழுவாகளா?”

அவள் சொன்னது உண்மை. ஞானப்பாட்டு முடியும்போது ‘ஆமென்’ என்று பாடுகிறோமே, அதற்கு இரண்டு கார்ட்ஸ், சேர்த்து அமுக்கும் சுரங்கள், உண்டு. பத்து வயதிலிருந்து அவற்றை வாசித்து வாசித்து, எந்த இசை எங்கே மூச்சு வாங்கினாலும் என் இடது கை தானாக இறங்கி முடித்துவைத்துவிடும். கோயிலில் வாசித்து வளர்ந்த எங்களுக்கே வரும் வியாதி. அந்தக் காட்சியிலோ எதுவும் முடிவதில்லை. பஸ் போய்விட்டது, அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. பாஸும் இறங்காமல் அப்படியே நிற்கிறது. நான் மட்டும் அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தேன்.

அன்றே திருத்தி வாசித்து அனுப்பினேன். “இப்ப?”

“இப்ப சரி. வலது கையில எதுக்கு அம்புட்டு நோட்டு? கல்யாணப் பந்தியில அள்ளி வைக்கிற மாதிரி வச்சிருக்க.”

“எதை எடுக்க?”

“புல்லாங்குழல எடு. அது கேக்கிறவுக மனசுல தானா ஓடும்.”

எடுத்தேன். ஓடியது. பிறகு “மன்னிச்சிரு அக்கா” என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அவள் பேச வேண்டும் என்று இத்தனை நாள் கேட்டேனே, நான் செய்தது தப்பு என்று ஆண்டவரிடம் ஒரு தடவையாவது சொன்னேனா? இல்லை. முழங்காலில் நின்று அதைச் சொன்னேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. “ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு வா. இங்க சோலி கெடக்கு. வெரசா வந்துட்டு வெரசா போயிரணும்.”

போனேன். அக்கா மெலிந்திருந்தாள். கையெல்லாம் ஏலக்காய்க் கறை படிந்து கறுத்திருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை. நேரே கேட்டாள்.

“ஏன் சொன்ன?”

எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. “நீ என்னய விட்டுட்டுப் போயிருவேன்னு பயந்துட்டேன்க்கா.”

“அதான் போயிட்டேன்ல.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாண்டி மாமாதான் காப்பியோடு வந்தார். “அக்காளும் தங்கச்சியும் இப்படி ஒக்காந்திருந்தா எப்படி? ஏதாச்சும் சண்டயாவது போடுங்க, கேட்டுக்கிட்டே காப்பி குடிக்கிறேன்.” அவள் சிரித்துவிட்டாள். நானும். அப்புறம் இருவரும் அழுதோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அவள் நடுவில் சில வாரம் என் போனை எடுப்பதில்லை. பழைய கோபம் திரும்பி வரும். நான் தொந்தரவு செய்வதில்லை. முன்பெல்லாம் ஒரு பதில் உடனே வராவிட்டால் துடித்துப்போவேன். இப்போது காத்திருக்கிறேன். கர்த்தர் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அன்று அக்காவைக் காட்டிக்கொடுத்ததன் உண்மைக் காரணத்தை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போனார்.

போன சனிக்கிழமை என் கீபோர்டை எடுத்துக்கொண்டு குரங்கணிக்குக் கிளம்பினேன். கடை வாசலில் ஜீப்பு டிரைவர் அதை மேலே தூக்கிக் கட்டப் போனார். கடைக்குள்ளிருந்து அப்பா இறங்கி வந்தார்.

“மேல கட்டாதப்பா, மழை வரும். உள்ள வையி.” என்னிடம் திரும்பினார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. “குரங்கணி ரோட்டுல நம்ம காரு போகுமான்னு கேட்டுட்டு வா, ஆத்தா.”

குரங்கணிக்குப் போய் அக்காவிடம் அதைக் கேட்டேன். அவள் கீபோர்டின் உறையைக் கழற்றினாள். “போகும். வளைவுல மெதுவா வரச் சொல்லு” என்றாள்.

அப்பா இன்னும் போகவில்லை. போவார். இந்த அளவுக்கு நடத்தி வந்த தேவனுக்கு ஸ்தோத்திரம். உங்கள் வீட்டிலும் பேசாமல் போன ஒருவர் இருந்தால், ஆண்டவரிடம் கேளுங்கள். உங்கள் பங்குத் தப்பையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். பதில் ஒரு திட்டாகக்கூட வரலாம். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.