தவிட்டுக்கு வாங்கிய தம்பி

போன சனிக்கிழமை என் மகன் எங்களை மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப்போனான். காலைச் சாப்பாட்டுக்கு நீளமான மேசையில் முப்பது வகை. இட்லி, பொங்கலைத் தாண்டி ஒரு மூலையில் கண்ணாடிக் கிண்ணம், அதில் தவிடு. மாட்டுக்குப் போடுவோமே, சாட்சாத் அதேதான். பக்கத்தில் வெள்ளிக் கரண்டி வேறு. என் தம்பி குப்பு அதை ஒரு கரண்டி அள்ளி என் மூக்குக்குக் கீழே நீட்டினான். "அக்கா, மோந்து பாரு. என்னை வாங்கின சரக்கு." எனக்குச் சிரிப்பில் பொங்கல் புரையேறி, மருமகள் ஓடி வந்து முதுகில் அறைந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரை விட்டு ஓடுவதை ஏதோ இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள் என்று என் மகனுக்கு நினைப்பு. அட போடா என்றேன். எங்கள் அப்பா ஐம்பதுகளிலேயே அதைச் செய்தவர். ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் செய்ய விடவில்லை.

அப்போது நாங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம். அப்பாவுக்கு இரும்புக் கடையில் வேலை. ஏதோ பண்டிகைக்குச் சனிக்கிழமையும் லீவு விட்டார்கள். "ரெண்டு நாளு மாவலிபுரம் போயி புள்ளைங்களுக்குக் கடல காட்டிகினு வரலாம்" என்றார். அம்மா விடுவாளா? "இங்க கீற கடலு இன்னாத்துக்கு ஆவுது? வத்திப் போச்சா?" என்றாள். "அது தெனம் பாக்கற கடலு. அங்க கல்லுல ஆனை நிக்குது, தெரியுமா?" என்றார் அப்பா. ஆனைக்குத்தான் அம்மா மசிந்தாள் என்று நினைக்கிறேன். அல்லது புளியோதரை கட்ட ஒரு சாக்கு கிடைத்ததே என்றா, தெரியாது.

குப்புவைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்காது. எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் குப்பு பிறந்ததும் அவனை முறத்தில் போட்டுப் பக்கத்துக் குடித்தனத்துப் பாத்திமா அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு படி தவிடு கொடுத்து அம்மா அவனை வாங்கிக்கொண்டாள். அதாவது, அவன் இவள் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. எமன் வந்து தேடினால் ஏமாந்துபோவான். குப்பையில் கிடந்தவன் என்று குப்பு என்று பெயர். மூக்கில் வளையம், இடுப்பில் பாவாடை, பின்னல். அவனுக்கு ஐந்து முடிகிற வரையில் பெற்றவர்கள் வாயால் 'என் பிள்ளை' என்று சொல்வதில்லை என்று கோயிலில் நேர்ந்திருந்தார்கள். அவன் அம்மாவை அத்தை என்பான். அப்பாவை மாமா என்பான். அம்மா என்றால் அவனுக்குப் பாத்திமா அக்காதான். யாராவது "நீ யாரு புள்ள?" என்று கேட்டால், "என்னைத் தவுட்டுக்கு வாங்கினாங்க" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தோம். கிளி மாதிரி சொல்வான். அவன் மேல் யாரும் கை வைக்கவும் கூடாது. அவனுக்கு விழவேண்டியதும் சேர்த்து எனக்கே விழுந்துகொண்டிருந்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை, சும்மா சொல்லக்கூடாது.

ரயிலில் கரித்தூள் கண்ணில் விழ, செங்கல்பட்டு ஏரியைப் பார்த்து இதுதான் கடல் என்று குப்பு கத்த, அங்கே இறங்கிப் பஸ் பிடித்தோம். பஸ்ஸில் மீன்கூடை வாடை. முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். கால்வாயில் பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்கவே மாட்டேன் என்கிறதாம். "புள்ளைங்க தல கேக்குதாம் அண்ணாத்த. கோணிப்பையோட ஆளுங்க சுத்தறாங்களாம்" என்றான் ஒருவன். அம்மா குப்புவை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்பா சிரித்தார். எங்கள் சட்டிபானை எல்லாம் ஒரு கோணிப்பையில்தான் அப்பாவின் காலடியில் இருந்தது. அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பஸ் கால்வாய்க்கரையோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் போகப் படகு. சின்னப் படகு, கூட்டம் வேறு. "பாதிப் பேரு இப்ப, பாதிப் பேரு அப்பால" என்றான் படகுக்காரன். அப்பா எங்கள் இரண்டு பேரையும் கோணிப்பையையும் ஏற்றிக்கொண்டார். அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு அடுத்த நடைக்கு நின்றாள். தண்ணீர் நடுவில் போனதும் குப்பு ஆரம்பித்தான். "அத்தே வோணும், அத்தே வோணும்." அக்கரையில் இறங்கினதும் மறுபடி தண்ணீருக்குள் ஓடப் பார்த்தான். அப்பா ஒரு கையால் அவனை இடுப்போடு தூக்கிக்கொண்டார், இன்னொரு கையில் கோணிப்பை. அவன் கையைக் காலை உதைத்துக்கொண்டு, "வுடு மாமா, வுடு மாமா" என்று அலறுகிறான்.

கரையில் தூணுக்குத் தோண்டின மண் குவிந்து கிடந்தது. அதன் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் எழுந்தார். பிறகு எல்லாரும் எழுந்தார்கள்.

"யாரு கொயந்த இது?"

அப்பா நின்றார். அந்த ஒரு கேள்விக்கு 'என் பிள்ளை' என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். "எங்க வூட்டுல வளர்ற புள்ளைங்க" என்றார்.

"உன் புள்ளையா, இல்லையா? அத்தச் சொல்லு."

"வளர்ற புள்ளைங்க" என்றார் மறுபடியும்.

மீன் விற்கிற பெண் ஒருத்தி குப்புவைப் பறித்துக்கொண்டாள். "உன் பேரு இன்னாம்மா? உங்கம்மா எங்க கீது?" என்றாள். "மெட்ராஸ்ல" என்றான் அவன். அவன் அளவில் அது உண்மைதான். "இவுரு யாரு?" "மாமா. என்னைத் தவுட்டுக்கு வாங்கினாங்க." உதைத்துக்கொண்டதில் அவன் பாவாடை மேலே ஏறிக் கிடந்தது. அவள் பார்த்துவிட்டாள். "அடப் பாவி, இது ஆம்பளப் புள்ள. பொம்பள வேசங்கட்டி இட்டுகினு வந்துகிறான்" என்றாள்.

முதல் அடி கன்னத்தில். அப்பாவின் கண்ணாடி பறந்து தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது அடி படகு தள்ளுகிற மூங்கில் கழியால், முழங்காலுக்குப் பின்னால். அவர் மடிந்து உட்கார்ந்ததும் எல்லாக் கால்களும் அவர் மேல் வந்தன. கோணிப்பையை உதறினார்கள். சோற்றுப் பானை உருண்டது. வெறும் பானைதான் என்று பார்த்த பிறகும் யாரும் நிற்கவில்லை. அரிவாள்மணையைக் கண்டு ஒருவன், "பாரு, கத்தி" என்றான். அது வெண்டைக்காய் நறுக்க அம்மா கொண்டுவந்தது. ஒரு ஆள் அப்பாவின் முடியைப் பிடித்து முகத்தை மண்ணில் தேய்த்தான். இன்னொருவன் விலாவில் எட்டி உதைத்தான். உதைக்கும்போது 'ஹக்' என்று ஒரு சத்தம் வந்தது. உதைத்தவன் வாயிலிருந்தா, அப்பா வாயிலிருந்தா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்லில் துணி துவைக்கும் சத்தம் கேட்டால் இப்போதும் எனக்கு அந்தக் கரைதான்.

"எங்கப்பா, எங்கப்பா" என்று நான் கத்தினேன். "இதையும் பயக்கி வெச்சிருக்கான்" என்றார்கள். நான் ஒருத்தனுடைய தொடையைக் கடித்தேன். நல்ல கடி. ரத்தம் வந்தது. வேட்டி அழுக்கும் உப்பும் நாக்கில் இருந்தது. அவன் என்னை ஒரு உதறு உதறினதில் மண்குவியலில் போய் விழுந்தேன். நான் செய்த வீரச்செயல் இவ்வளவுதான், பேரப்பிள்ளைகளிடம் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்.

"தலையில கல்லப் போடுங்கடா" என்று ஒரு குரல் கேட்டது. ஒருவன் நிஜமாகவே கல்லைத் தூக்கினான். தூணுக்கு வைத்திருந்த கருங்கல்.

அடுத்த படகு அப்போது பாதித் தண்ணீரில் வந்துகொண்டிருந்தது. அம்மா அதிலிருந்து பார்த்துவிட்டாள். படகுக்காரன் "குந்து, குந்தும்மா" என்று கத்தக் கத்த, இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தாள். புடவை காலைச் சுற்ற, விழுந்து எழுந்து, சேறு பூசிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றாள். மூச்சு வாங்கியது. எனக்கு அவள் முகம் தெரிந்தது. அவள் அந்த ஆட்களைப் பார்த்துப் பயப்படவில்லை. வேறு எதையோ பார்த்துப் பயந்தாள். பிறகு சொல்லிவிட்டாள். "என் புள்ள. நான் பெத்த புள்ள. என் வவுத்துல பொறந்த புள்ள."

கல்லைப் பிடித்தவன் கீழே போடவில்லை. "இது யாரு கண்ணு?" என்று மீன்காரப் பெண் குப்புவைக் கேட்டாள். "அத்தே" என்றான் அவன்.

 அம்மா மீன்காரப் பெண்ணின் கையிலிருந்த குப்புவை இழுத்து, கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. பிறந்ததிலிருந்து பூப்பட்டால் நோகும் என்று வைத்திருந்த பிள்ளை. சுருண்டு விழுந்தான். இன்னொன்றும் வைத்தாள். அவன் எழுந்து ஓடி வந்து, அடித்தவளுடைய ஈரக் காலையே கட்டிக்கொண்டு, "அம்மா" என்று அழுதான். அவளை அப்படிக் கூப்பிட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மீன்காரப் பெண்தான் முதலில் பேசினாள். "அடிச்சவ காலையே கட்டிகினு அயுவுது பாரு. பெத்தவதான்யா. கல்லக் கீய போடு."

கல் விழுந்தது. கூட்டம் அப்படியே கரைந்தது. முதல் அடி அடித்த ஆள் மட்டும் போகவில்லை. எங்கிருந்தோ இளநீர் வெட்டிக்கொண்டு வந்து அப்பாவின் வாய் மண்ணைக் கழுவினான். ஒரு பல் அவன் உள்ளங்கையில் விழுந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றான். "எங்க வூட்லயும் ஒண்ணு தவுட்டுப் புள்ளதான் சார். ஆத்திரத்துல தோணல" என்றான். அப்பா தலையாட்டினார். எனக்கு அவனை மன்னிக்கத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

ஆனைக் கல்லைப் பார்க்கவில்லை. சத்திரத்தில் படுத்துக்கிடந்துவிட்டு மறுநாள் திரும்பிவிட்டோம். ரயிலில் அம்மா அப்பாவின் வீங்கிய காதருகே மெல்லக் கேட்டாள். "சொல்லிட்டேனே. எமன் காதுல வுயுந்திருக்குமா?"

"அந்தக் கூச்சல்ல எவன் காதுலயும் எதுவும் வுயுந்திருக்காது" என்றார் அப்பா. பல் போன இடத்தில் காற்று போயிற்று.

அம்மா குப்புவின் மூக்குவளையத்தைச் சரிசெய்தாள். "நீங்களாச்சும் மாமாவாவே இருந்துடுங்க. பாதியாவது நிக்கட்டும்" என்றாள். அப்பா குப்புவைப் பார்த்தார். அவன் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். "ஆவட்டும்" என்றார்.

ஐந்து முடிந்ததும் மூக்குவளையத்தைக் கழற்றி, கோயிலில் நேர்ந்ததை முடித்து, உறவைத் திருப்பிக்கொள்ளவேண்டும். அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. வாக்குத் தப்பியவள் எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பாள்? அடுத்த வருசம் ஆகட்டும், அடுத்த வருசம் ஆகட்டும் என்று தள்ளினாள். குப்பு பள்ளிக்கூடம் போனான், மீசை வந்தது, கல்யாணம் ஆயிற்று. எல்லாவற்றுக்கும் அப்பா அவனுக்கு மாமாதான். மணப்பந்தலில் காலில் விழுந்து, "மாமா, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றான். பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா பல் போன வாயோடு சிரித்தார். 'பாலத்துக்கு என் பல்லக் காவு குடுத்தவன்டா நானு' என்று எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்வார். கரையில் ஏன் 'என் பிள்ளை' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "வாயெல்லாம் மண்ணு. எங்கேர்ந்து பேசறது?" என்றார். மண் அதற்கு அப்புறம்தான் வாய்க்குள் போயிற்று. எனக்குத் தெரியாதா?

அவர் போனபோது கொள்ளி வைத்தவன் குப்புதான். அப்போதும் அவனுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. மாமா, மாமா என்றுதான் அழுதான்.

ரிசார்ட்டிலிருந்து திரும்பும்போது குப்புவைச் செங்கல்பட்டில் அவன் வீட்டில் இறக்கிவிட அந்தப் பாதையில் வந்தோம். கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான். அதே பாலமா, பிறகு கட்டியதா, நமக்கென்ன தெரியும்? படகு இல்லை, படகுத்துறை இல்லை, மூங்கில் கழி இல்லை. தண்ணீர்கூடப் பேருக்குத்தான் இருந்தது. என் பேத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க என்ன தாத்தா இருக்கு?" என்று கேட்டாள்.

குப்பு கைப்பிடிச் சுவரைத் தொட்டான். "இதுக்குக் கீய எங்கப்பாவோட பல்லு கீது கண்ணு" என்றான்.

எங்கப்பா என்றான். எழுபது வயதுக்கு மேல், என் காதில் விழ, முதல் தடவை. அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம், மெதுவாக, தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டான். "அப்பா."

இனி யாருக்கும் பயப்பட வேண்டாம். எமனை ஏமாற்ற நினைத்தவள் போய்விட்டாள், அடித்தவர்களும் போயிருப்பார்கள். "இன்னாடா குப்பு" என்று திரும்பிப் பார்க்க வேண்டியவரும் இல்லை.