பிரித்துத் தைத்த பட்டி

தையல்காரர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கோணல் தையல் கண்ணில் பட்டால் அதைப் பிரிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அவருடைய தங்கைக்குக் கணக்கென்றால் உயிர். பல் தேய்க்கும்போதே ஏதாவது நிரூபித்துக்கொண்டிருப்பாள். வாயைக் கொப்பளித்தபின்தான் அது என்னவென்று வீட்டுக்குத் தெரியவரும்.

உயர்கணித வகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. நேர்காணலுக்காக அவள் அண்ணன் மெஷினில் ஒரு துணிப்பட்டியை அரைச்சுற்று முறுக்கி, முனைகளைச் சேர்த்துத் தைத்து வைத்தாள். அப்படித் தைத்த பட்டிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு கிடையாது, ஒரே பக்கம்தான். அதை நேர்காணல் நடத்தும் பேராசிரியை முன் கோடு போட்டுக் காட்டுவதாகத் திட்டம்.

மறுநாள் அண்ணனும் துணைக்குப் போய், திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். தங்கை சாக்கட்டியால் பட்டியைச் சுற்றிக் கோடு இழுத்தாள். கோடு ஒரே சுற்றில் தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றது. உள்பக்கம் வெறுமையாக இருந்தது. பட்டி நேராக இருந்தது, இஸ்திரியும் போட்டிருந்தது.

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இதத் தொட்டியா?"

"முறுக்கிக்கிட்டு இருந்துச்சும்மா. சரி பண்ணி, இரட்டைத் தையல் போட்டேன்."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தங்கை பட்டியைத் திருப்பி இரட்டைத் தையலைப் பார்த்தாள்.

"பிரிக்காம நிமித்திப் பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா? எப்படி இழுத்தாலும் வரல. அப்புறம்தான் பிரிச்சேன்."

"அது ஏன் வராதுன்னு சொல்லட்டுமா, மேடம்?"

சொன்னாள். முறுக்கிய பட்டிக்கு ஓரம் ஒன்றுதான், நேர்ப்பட்டிக்கு இரண்டு, பிரிக்காமல் ஒன்று இரண்டாகாது என்று தொடங்கியவள், கரும்பலகை நிறைந்ததும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். அண்ணனுக்கு ஓரம் வரை புரிந்தது.

"திங்கட்கிழமையிலிருந்து வாம்மா" என்றார் பேராசிரியை.

"இன்னைக்கு வகுப்பு இருக்கா?"

இருந்தது. பேராசிரியை கைகாட்டிய அறைக்குப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இத முறுக்கித் தச்சுக் குடுத்துட்டுப் போங்களேன். வகுப்புக்கு ஆகும்" என்று பேராசிரியை பட்டியை நீட்டினார்.

தையல்காரர் சட்டைப் பையிலிருந்து ஊசிநூலை எடுத்தார். "எந்தப் பக்கமா முறுக்கணும்?"

"எந்தப் பக்கம்னாலும் சரிதான்."

அளவு சொல்லாமல் வேலை கொடுக்கிற இடத்தில்தான் இனி தங்கை படிக்கப்போகிறாள். அவர் தையலைப் பிரித்தார்.